தெரிவுப் போட்டி

வைரவிழா மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் தமிழ்த்தொண்டு பற்றியே நாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அப்பொருளை எழுதத் தக்க பெரியோர் பலர் இம்மலரில் எழுதியுள்ளனர். நாம் எழுதப் புகுந்தது, மைதானத்து வேப்பமரத்தின் கீழிருந்து ஒரு சனிக்கிழமை நாம் வழங்கிய தீர்ப்பொன்றைப் பற்றியாகும். தமிழாசிரியருக்கும் துடுப்பாட்டத்துக்கும் என்ன உறவு என வினவுவோரும் உளர். துடுப்பாட்டப் பொறுப்பாசிரியரைத் தெரிவு செய்த ஆசிரியர் கூட்டத்துக்கு நாம் பத்து நிமிடம் பிந்திச் சென்றோம். நாம் சென்று அமர்ந்தபோது பதவி நமக்காகக் காத்திருந்தது.

பருவம் தொடங்குமுன் 19 வயதுப் பிரிவு அணியைத் தெரிவதற்குத் தெரிவுப் போட்டியொன்று நடத்துவது நம் கல்லூரி வழக்கம். 2023 ஆம் ஆண்டில் 28 மாணவர் பெயர் கொடுத்தனர். அவர்களை இரு அணியாக வகுத்து, அணிக்கு 30 ஓவர் என வரையறுத்து ஆடவிட்டு, 15 பேரைத் தெரிய வேண்டும். தெரிவோர் மூவர்: பயிற்றுநர், உடற்கல்வி ஆசிரியர், நாம். பயிற்றுநர் நம் பழைய மாணவர். வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு மாலைப்பொழுதுகளைச் சம்பளமின்றிக் கல்லூரிக்கு ஈபவர். ஆட்டத்தை அறிந்தவர் அவர். பிள்ளைகளின் உடலை அறிந்தவர் உடற்கல்வி ஆசிரியர். நாம் அறிந்தது புள்ளியிடுதல் ஒன்றே. ஆதலால் புள்ளித்தாளை ஆக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. துடுப்பு அல்லது பந்துவீச்சுக்கு 60, களத்தடுப்புக்கு 25, ஒழுங்குக்கும் ஊக்கத்துக்கும் 15 என வகுத்து, கோடிட்டு, படியெடுத்து, மூவருக்கும் வழங்கினோம். அத்தாளைப் பற்றி நமக்குச் சிறிது செருக்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் நாம் பயிற்சி பெற்ற நாளில், கணிப்பீடு என்ற பாடத்தில் இரண்டு வினாக்களை மனத்திற் பதித்தனர். அளக்க எண்ணியதைத்தான் அளக்கின்றோமா என்பது ஒன்று. மற்றொருவர் அளந்தாலும், மற்றொரு நாள் அளந்தாலும், அதே அளவு வருமா என்பது மற்றையது. ஒரு கட்டுரையை இருவர் திருத்துவதாயின், ஒருவர் இட்ட புள்ளியை மற்றவர் காணாது திருத்த வேண்டும் என்றும் அங்குக் கற்றோம். வேப்பமரத்தின் கீழ் மூவரும் ஒரே வாங்கில், ஒருவர் தாள் மற்றவர் கண்ணிற் படும்படி அமர்ந்தோம். "பெடியன் நல்லாய் அடிக்கிறான்" எனப் பயிற்றுநர் தம்மையறியாது முணுமுணுத்த ஒவ்வொரு முறையும் நம் பேனா இரண்டு புள்ளி உயர்ந்தது. கற்றது கலாசாலையோடு போயிற்று.

தெரிவுப் போட்டியைக் கணிப்பது பார்வையாளர் நினைப்பது போல் எளிதன்று. உண்மைப் போட்டியில் எதிரணி ஒன்றாய் நின்று நம்மைச் சோதிக்கும். இங்கோ வலியவரும் மெலியவரும் இரு அணியிலும் கலந்து நிற்பர். ஒருவன் யாருக்கு எதிராக ஓட்டம் பெற்றான் என்பதைக் கேளாது, எத்தனை ஓட்டம் பெற்றான் என்று மாத்திரம் கேட்பது பேதைமை. அன்று 47 ஓட்டம் பெற்ற மாணவனொருவன் ஏழு முறை எல்லைக்கோட்டைத் தாண்டப் பந்தை அடித்தான். மரத்தடியிற் கைதட்டல் எழுந்தது. அவன் ஆடவந்தது பதினோராவது ஓவரில். வேகப்பந்து வீச்சாளன் தன் பங்கை முடித்து ஓய்ந்திருந்தான், பந்தும் பளபளப்பு நீங்கித் தேய்ந்திருந்தது. மேலும், கயிற்றுப் பாயாகிய மற்றிங் மீது ஆடும்போது பந்து இயல்பிலும் உயர்ந்து எழும். அது சற்றுத் தளர்ந்து விரிக்கப்பட்ட நாளில் ஒரு முனையில் ஒரு குணமும் மறுமுனையில் வேறொரு குணமும் காட்டும். அன்று சோளகம் வேறு பலமாய் வீசியது. காற்றை முதுகிற் கொண்டு பந்து வீசியவனையும் காற்றை முகத்தில் ஏற்று வீசியவனையும் நம் புள்ளித்தாள் ஒரே நிரலில் வைத்தது.

சுழற்பந்து வீசிய சிறுவன் ஒருவன், தரம் 10 மாணவன், ஐந்து ஓவரில் 38 ஓட்டம் கொடுத்து ஒரு விக்கற்றை வீழ்த்தினான். அவன் பந்தில் மூன்று ஆறுகள் பறந்தன. மூன்றாம் ஆறின்பின் வேறெவனாயினும் பந்தைத் தாழ்த்தித் தட்டையாக வீசித் தப்பியிருப்பான். இவன் அடுத்த பந்தையும் முன்போலவே உயரத் தூக்கி வீசினான். அடித்தவன் மயங்கிப் பிடி கொடுத்தான். 38 என்ற எண்ணைக் கண்டு நாம் தயங்க, பயிற்றுநர் தயக்கமின்றி அவன் பெயருக்கு நேரே கோடிட்டார். அவ்விடத்தில் அவர் கண்டதை நாம் காணவில்லை. விக்கற் காப்பாளன் தவறவிட்ட பிடி ஒன்று அனைவர் கண்ணிலும் பட்டது. அவன் முழந்தாள் மடங்காது நின்று கோட்டைவிட்டதை உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே கண்டு, பழைய காயம் ஆறவில்லை என்றார். இனி, எறியப்பட்ட ஒவ்வொரு பந்துக்கும் பின்காவலாக ஓடி ஓடி நின்ற ஒருவன் இருந்தான். முப்பது ஓவரும் ஓடினான். பந்து அவன் கைக்கு வந்தது இருமுறையே. அவனுக்குப் புள்ளியிட நம் தாளில் இடமில்லை. ஒழுங்கு என்ற நிரலில் 15க்கு 13 இட்டு மனத்தைத் தேற்றினோம்.

ஆயினும் நாம் எழுத வந்தது இவர்களைப் பற்றியன்று.

இரண்டாவது அணி ஆடத் தொடங்கிச் சில நிமிடத்தில் கல்லூரி வாயிலில் ஊர்தியொன்று வந்து நின்றது. கனடாவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர், புதிய பந்துகள் நிறைந்த பெட்டியொன்றை அணிக்கு அன்பளிப்பாகக் கொணர்ந்தார். கடினப்பந்து ஒன்றின் விலையை அறிந்தோர் அவ்வன்பளிப்பின் அருமையை அறிவர். மூவரும் எழுந்து சென்று வரவேற்றோம், தேநீர் வந்தது, அவர் காலத்து ஆட்டங்களைச் சொன்னார், நாம் கேட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். திரும்பி வாங்கில் அமர்ந்தபோது ஐந்து ஓவர் முடிந்திருந்தது. தொடக்க ஆட்டக்காரருள் ஒருவன் மேலும் சில ஓவர் நின்று, 34 பந்தில் 9 ஓட்டம் பெற்று, எளிய பிடி கொடுத்து வெளியேறினான். மந்தமான ஆட்டம் என்று நாம் 60க்கு 21 இட்டோம். மற்றையோர் தாள்களிலும் அவ்வளவே. பெயர்ப்பட்டியல் திங்கட்கிழமை அதிபரின் ஒப்பத்தோடு அறிவித்தற் பலகையில் ஏறியது. அவன் பெயர் அதில் இல்லை.

செவ்வாய் இடைவேளையில் அவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். தரம் 11, நம்மிடம் தமிழ் கற்பவன், வகுப்பில் வாய் திறவாதவன்.

"தம்பி, நீர் நன்றாகத்தான் ஆடினீர். இடம் போதவில்லை" என்றோம். அது பொய். நன்றாக ஆடினான் என்று நாம் எண்ணியிருந்தால் 21 இட்டிருக்க மாட்டோம்.

அவன் சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றான். பின்னர், "சேர், முதல் ஓவர்களிலை நான் விட்ட பந்துகளை நீங்கள் பார்க்கேல்லையோ?" எனக் கேட்டான்.

அக்குரலில் கோபம் இல்லை. அறிய விரும்பியே கேட்டான்.

இவ்விடத்தில் நம் கதையையும் சொல்ல வேண்டும். 1995 இடப்பெயர்வின் பின் கல்லூரி மீண்டும் தலைநிமிர்ந்த காலம்; பொருளெல்லாம் கப்பலில் வந்த காலம்; 1998 இல் நாமும் இதே மைதானத்தில் ஒரு தெரிவுப் போட்டியில் ஆடினோம். பட்டியலில் நம் பெயர் இல்லை. ஏன் என்று ஒருவரையும் கேட்டிலோம், ஒருவரும் சொல்லவுமில்லை. நாம் முப்பது ஓட்டத்துக்கு மேற் பெற்றும் வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணத்தை இருபத்தைந்து ஆண்டு சுமந்தோம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பலமுறை சொல்லியுமிருக்கின்றோம். வைரவிழாக் கண்காட்சிக்காகப் பழைய ஓட்டப் பதிவேடுகளைத் தூசு தட்டியபோது அந்நாளின் ஏடு அகப்பட்டது. நாம் பெற்றது 12. மறுமுனையில் நன்கு ஆடிக்கொண்டிருந்தவர் ஓடும்போது ஆட்டமிழந்தார் என்ற குறிப்பும் அதிலுண்டு. அழைத்தவர் யார் என்பது ஏட்டில் இல்லை, நம் நெஞ்சில் உண்டு. தெரிந்தோர் சரியாகவே தெரிந்தனர். அதனை அன்றே எவரேனும் நம்மை அழைத்து இரண்டு வாக்கியத்திற் சொல்லியிருந்தால், இருபத்தைந்து ஆண்டுப் பொய் ஒன்று நம் வீட்டில் வளர்ந்திராது.

இவனோ நம்மினும் துணிந்தவன்; வந்து கேட்டுவிட்டான். மாலையில் 2023 ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் திறந்தோம். நாம் தேநீர் அருந்திய நான்கு ஓவர்களில் அவன் எதிர்கொண்ட பந்துகள் 16. ஓட்டமில்லாப் பந்துக்குப் பதிவேட்டில் ஒரு புள்ளி இடுவர், பதினாறும் புள்ளிகள். (தமிழிற் புள்ளி பெற்ற எழுத்தே மெய் என்பதை நாம் ஆறாம் வகுப்புக்குக் கற்பிக்கின்றோம்.) ஆனால் புள்ளி, பந்தை அவன் தடுத்தானா, தவறவிட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்று சொல்லாது. ஆதலால் அன்று பந்துவீசிய வேகப்பந்து வீச்சாளனை அழைத்து வினவினோம். "அவன் ஒண்டையும் தொடேல்லை, சேர். வெளியாலை போட்டதெல்லாத்தையும் விட்டிட்டான். எனக்குக் கோபந்தான் வந்தது" என்றான். புதுப்பந்து, பின்காற்று, உயர்ந்தெழும் பாய், கல்லூரியின் முதல் வீச்சாளன். இவையனைத்தையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கையடக்கத்தால் வென்றிருக்கின்றான். பின்னர் வந்தவன் 47 அடித்ததும் அதனாலேயே. அந்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை மூவருமே காணவில்லை.

பயிற்றுநரிடம் சென்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒருவனைச் சேர்த்தால் ஒருவனை எடுக்க வேணும். எடுபடுகிறவனுக்கு என்ன சொல்லுறது? அவன் பிழை விடேல்லையே" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. பட்டியல் அவ்வாறே நின்றது. நாம் மாணவனை அழைத்து, "அந்த நான்கு ஓவரும் நாங்கள் பார்க்கவில்லை, தம்பி. பிழை எங்களுடையது" என்றோம். "சரி, சேர்" என்று சொல்லி அவன் வகுப்புக்குப் போனான்.

இத்தகைய இடத்தில் பெரியோர் வாழ்க்கையைக் காட்டி ஆறுதல் சொல்வது வழக்கம். நமக்கும் அவை நினைவுக்கு வந்தன. டொன் பிராட்மன் 1928 இல் பிரிஸ்பேனில் ஆடிய முதல் டெஸ்ட் போட்டியில் 18, 1 என ஆட்டமிழந்து அடுத்த போட்டியில் நீக்கப்பட்டார். மூன்றாவதில் மீண்டு வந்து 79, 112 பெற்றார். நம் நாட்டு மாவன் அத்தபத்து 1990 க்கும் 1994 க்கும் இடையில் மூன்று டெஸ்ட் போட்டிகளில் ஆறுமுறை துடுப்பெடுத்தாடிப் பெற்ற ஓட்டம் மொத்தம் ஒன்று. ஐந்து முறை பூச்சியம். அவரை 1997 இல் மீண்டும் அழைத்தனர். 2007 இல் ஓய்வுபெற்றபோது 90 போட்டிகளில் 5,502 ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் அவர் பெயரில் இருந்தன. முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்தே வீசிவந்தார். 14 வயதளவில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் அக்கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. நாடோறும் அருகிருந்து பார்த்தவரின் கண் அது. ஒரு சனிக்கிழமைக் கண்ணன்று. ஆயின் இவற்றை அம்மாணவனுக்கு நாம் சொல்லவில்லை. அத்தபத்துவுக்குக் காத்திருக்க ஏழாண்டு இருந்தது. கல்லூரிப் பிள்ளைக்குள்ளவை இரண்டு பருவங்கள், மிஞ்சினால் மூன்று. அவற்றுள் ஒன்றைத் தேநீரோடு நாம் குடித்துவிட்டோம்.

2024 ஆம் ஆண்டுத் தெரிவுப் போட்டிக்குச் சில மாற்றங்கள் செய்தோம். மூவரும் மைதானத்தின் மூன்று பக்கத்தில் தனித்தனியே அமர்வது என்றும், வருகின்ற அன்பர்களைப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் வரவேற்பது என்றும், வேண்டுமென்றே விடப்பட்ட பந்துக்குப் பதிவேட்டில் வேறு அடையாளம் இடுவது என்றும் தீர்மானித்தோம். தெரியப்படாத ஒவ்வொருவனையும் அழைத்துக் காரணம் சொல்வது நம் பொறுப்பாயிற்று. பதினொரு பேருக்குச் சொன்னோம். நாலைந்து பேர் நம்மை இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாணவன் பெயர் கொடுத்தோர் பட்டியலில் இல்லை. ஆளனுப்பி அழைத்தோம். உயர்தரத்துக்குத் தனியார் வகுப்பு இருக்கிறது, பின்னேரப் பயிற்சிக்கு நேரமில்லை என்றான். வற்புறுத்த நமக்கு முகமில்லை. சனிக்கிழமை ஒருநாள் வந்து ஓட்டப் பதிவேடு எழுதித் தரலாமா என்று கேட்டோம். யோசித்து, வருகிறேன் என்றான்.

சொன்னபடி வந்தான். மேற்குப் பக்கத்தில் நம் கதிரைக்கு அருகே சிறு மேசையிட்டு அமர்ந்து, பென்சிலைத் தீட்டி வைத்துக்கொண்டான். இரண்டு ஓவர் வரை ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது ஓவரில், தொடக்க ஆட்டக்காரனாக நின்ற மெலிந்த சிறுவன் ஒருவன், துடுப்பைத் தலைக்குமேல் உயர்த்தி ஒரு பந்தைப் போகவிட்டான். நாம் அப்போது குனிந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தோம்.

"சேர், இந்த ஓவரை எழுதாமல் பாருங்கோ" என்றான்.

பேனாவை மூடினோம்.