சகுராவுக்கு ஏன் இந்த முடிவு?



போன மாசம் எங்க வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் பெரிய சண்டை. ரிமோட்டுக்காக இல்லை, சகுராவுக்காக!

சகுரா, 'நருட்டோ' என்ற ஜப்பான் படக்கதையில் வருகிற பொண்ணு. மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை எழுதி வரைந்த கதை இது. மொத்தம் 700 அத்தியாயம், 72 புத்தகம். அண்ணன் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறான்.

ஆரம்பத்தில் சகுரா, சசுகே பின்னாடியே சுத்துவாள். எனக்கு எரிச்சலா இருக்கும். அவனுக்கு நீளக் கூந்தல் பிடிக்கும்னு கேள்விப்பட்டு முடி வளர்ப்பாள். ஆனால் நண்பர்கள் மயங்கிக் கிடக்கும்போது எதிரி அந்தக் கூந்தலைப் பிடித்ததும், தானே கத்தியால் அறுத்துவிட்டு எழுந்து நிற்பாள். பிறகு சுனாடேயிடம் வைத்தியம் கற்று, சியோ பாட்டியோடு சேர்ந்து சசோரியை வீழ்த்துவாள். கணக்கில் 31 மார்க் வாங்கி அழுத அன்னைக்கு நான் திருப்பிப் படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.

கடைசிப் போரில் நருட்டோவின் இதயத்தைத் தன் கையாலேயே அமுக்கி அவன் உயிரைக் காப்பாற்றுவாள். அப்படிப்பட்டவள், கொஞ்சம் தள்ளி சசுகே முன்னால் அழுது கெஞ்சுகிறாள். அவனோ மாயவித்தையால் அவளை மயங்க வைத்துவிட்டுப் போகிறான். அதற்கு முன்பே அவளைக் கொல்லப் பார்த்தவன் அவன்! பிறகு மன்னிப்பு கேட்கிறான். 700-ஆம் அத்தியாயத்தில் பார்த்தால் இருவருக்கும் கல்யாணமாகி சாரதா என்று ஒரு மகள்!

அண்ணன் கேட்டான்: "அவ முதல்லேர்ந்தே அவனைத்தானே விரும்புனா? இதுல என்ன திடீர்னு?"

எனக்கு உடனே பதில் தெரியலை. ரெண்டு நாள் யோசித்தேன். அவள் விரும்பினாள், சரி. அவன் எப்போது விரும்பினான்? அந்த 72 புத்தகத்தில் அது எங்கே? அதைக் காட்டாததால் சசுகேயின் மனசும் நமக்குப் புரியலை, சகுராவும் பழைய இடத்துக்கே திரும்பிய மாதிரி ஆயிடுச்சு.

காதல் வந்தது தப்பில்லை. ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையிலும் (2001 – 2010) கடைசியில் ரயில் நிலையத்தில் எட்வர்ட் தன் காதலைச் சொல்கிறான். ஆனால் அவனுக்கு இரும்புக் கையும் காலும் செய்து கொடுக்கிற வின்ரியோடு அவன் போட்ட சண்டை, அவள் அழுகை எல்லாம் முதலிலிருந்தே பார்த்திருக்கோம். காதல் வந்ததால் வின்ரி சின்னவளாகவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் பேசாமல் புத்தகத்தை மூடி வைத்தான். ஜெயிச்சேனான்னு தெரியலை. அடுத்த கணக்குப் பரீட்சையில் 58 வாங்கினேன். என்னைப் பொறுத்தவரை முடியை அறுத்துவிட்டு எழுந்து நின்றாளே, அவள்தான் சகுரா.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கீழே ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள்!

– ஒரு மாணவி, 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு