புழுதி விதைப்பு

எங்கள் அப்பத்தா கடைசிவரை விருதுநகரை விருதுபட்டி என்றேதான் சொன்னாள். ஊருக்குப் பேர் மாறியது 1923-ல். கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசிக்குத் திரும்பியதும் அதே வருஷம்தான். அப்பத்தா பிறந்ததும் அந்த வாக்கில்தான் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு வயசு, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயசு. இரண்டையும் அவள் பொருட்படுத்தியதில்லை.

சிவகாசிக்குக் கிழக்கே சாத்தூர் போகிற பக்கம் எங்களுக்கு நாலு குறுக்கம் கரிசல். முழுக்க மானாவாரி. பட்டா தாத்தா பேரில். பட்டம் பார்ப்பதும், விதை எடுத்து வைப்பதும், களையெடுக்க ஆள் கூப்பிடுவதும் அப்பத்தா. புரட்டாசி பிறந்ததும் ஒரு சொட்டு ஈரம் இல்லாத மண்ணில் கம்பையும் பாசியையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். புழுதி விதைப்பு என்று அதற்குப் பேர். மழையே வராவிட்டால்கூட விதை மண்ணுக்குள் பொறுத்துக் கிடக்கும். ஒரு தூறல் போட்டுவிட்டு மழை போய்விட்டால்தான் மோசம். முளை வந்து அப்படியே கருகிவிடும். அதற்காகவே குலுக்கையில் இரண்டாம் விதைப்புக்கென்று ஒரு பங்கு தனியாகக் கிடக்கும். வீட்டில் கஞ்சிக்குத் தட்டுப்பாடான வருஷத்திலும் அதில் அவள் கைவைத்ததில்லை.

அவள் இறந்தபோது படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினார்கள். பக்கத்தில்தான் நின்றேன். திருத்தச் சொல்லத் தோன்றவில்லை. 2021-ல், நூறு வயதைத் தாண்டியும் நிலத்தில் இறங்கி வேலை செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பத்திரிகையில் வந்த அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் என் தவறு உறைத்தது. அப்பத்தா விவசாயி.

வெள்ளாமையை ஏய்த்த அந்த வறண்ட காற்றுதான் தீப்பெட்டியையும் வெடியையும் எங்கள் சீமையில் நிலைக்க வைத்தது. மருந்து காய வெயில் வேண்டும். கூலிக்குக் கைகள் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. கோடையில் காட்டு வேலை இல்லாத நாட்களில் அப்பத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். 144 பெட்டி ஒரு குரோஸ். எழுத்தறியாதவள், குரோஸ் கணக்கில் ஒருநாளும் தப்பியதில்லை.

சித்தி கல்யாணமாகி வந்த பிறகு வெடி ஆபீசுக்குப் போனாள். விடியுமுன் பஸ் வந்துவிடும். மழை வந்தால் மருந்து காயாது, வேலை கிடையாது, கூலியும் கிடையாது. தீபாவளிக்கு முந்தின புரட்டாசியில்தான் அங்கே வேலை மும்முரம். இங்கே அதுதான் விதைப்பு மாதம். மாமியார் மழைக்கு நேர்ந்துகொள்ள, மருமகள் வெயிலுக்கு ஏங்குவாள். ஒரு ராத்திரி இடி இடித்து ஊற்றியது. அப்பத்தா வாசலில் நின்று நனைந்தாள். காலையில் பஸ் வரவில்லை. சித்தி முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்பத்தா சுருக்குப் பையை அவிழ்த்து, ஒருநாள் கூலியை எண்ணி அவள் கையில் வைத்தாள்.

"எனக்குப் பேஞ்ச மழைக்கு நீ எதுக்குத்தா நட்டப்படணும்?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் அது வழக்கமாகிவிட்டது. கம்பு விற்ற காசில் மழைநாள் கூலி.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெடி ஆபீசிலிருந்து வந்தவள் குளித்துச் சேலை மாற்றாமல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. எங்கள் அடுப்பில் எரிவது பருத்திமார். சித்தியின் சேலை மடிப்பில் அலுமினியப் பவுடர் மினுங்கும். எண்பது வயதிலும் அவள் வருவதற்குள் அப்பத்தா சோறாக்கி இறக்கியிருப்பாள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. வெடி ஆபீஸ் விபத்தில் நாற்பது பேர் வரை செத்தார்கள்; அவர்களில் உதவ ஓடியவர்களும் இருந்தார்கள். சித்தி வேலை பார்த்தது வேறு ஆபீசில். ஆனாலும் சாயங்காலம் பஸ் வரும்வரை அப்பத்தா ஊர் முக்கில் கம்பை ஊன்றி நின்றாள். இறங்கியவளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வீடு வந்தாள். இனிமேல் போக வேண்டாம் என்றாள். மூன்றாவது வாரம், மகளின் கல்லூரிப் பணம் கட்ட வேண்டுமென்று சித்தி திரும்பவும் பஸ் ஏறினாள். அப்பத்தா தடுக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தாள்.

2014 புரட்டாசிக் கடைசியில், விதைத்த எட்டாம் நாள், விடிய விடிய மழை. அப்பத்தா தூக்கத்திலேயே போய்விட்டாள். கல்யாணச் சாவு என்று கொட்டு வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தோம். மழைக்கு ஒரு பஸ்ஸும் ஊருக்குள் வரவில்லை. வெடி ஆபீசுக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு எங்கள் வாசலில் இருந்தார்கள்.