சுவரில் சில திகதிகள்

எங்கள் வீட்டு முன் இஸ்தோப்பின் வலப்பக்கச் சுவரில், ஜன்னலுக்கும் மூலைக்கும் இடையே ஒரு வெடிப்பு இருக்கிறது. அதற்குக் குறுக்கே பென்சிலால் இழுத்த சிறு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு திகதி. வருகிறவர்கள் பேரப்பிள்ளைகள் கிறுக்கிய கிறுக்கல் என்றே நினைக்கிறார்கள். நானும் பெரும்பாலும் திருத்துவதில்லை.

எட்டியாந்தோட்டைக்கு மேலே, ஓர் இறப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிற வீடு இது. வாப்பாவின் வாப்பா கட்டியது. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் வெட்டிய மலை. சுவர்கள் கபொக் கல்லால் ஆனவை. வெட்டும்போது மரவள்ளிக் கிழங்கைப்போல் இளகி, காற்றுப்பட்டதும் இறுகிவிடுகிற அந்தச் செந்நிறக் கல். மேலே சுண்ணாம்புச் சாந்து. தோட்டத்துச் சனங்கள் கணக்குக் கொப்பியோடு வந்து அரிசியும் கருவாடும் வாங்கிப்போன கடை அது. கடையை மூடி நெடுங்காலமாகிவிட்டது. சுவர் மட்டும் மிச்சம்.

சின்ன வயதில் நோன்புக்கு முந்திய மாதம் வந்தால் வீட்டில் சுண்ணாம்பு வேலைதான். வாப்பா பீப்பாயில் கட்டிச் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அது தானாகவே கொதிக்கும். அடுப்பில்லாமல் எதுவும் கொதிப்பதை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை என்பதால் சுற்றி நின்று பார்ப்போம். உம்மா கண்ணில் தெறித்துவிடுமென்று எங்களை விரட்டிக்கொண்டே இருப்பார். ஆறியபின் உப்பும், துணிக்குப் போடுகிற நீலமும் கொஞ்சம் கலப்பார்கள். பூசும்போது சாம்பல் நிறமாக ஏமாற்றிவிட்டு, காயக் காயத்தான் அது வெண்மையாகும். பெருநாளைக்குச் சுவரில் சாய்ந்து நின்ற பிள்ளைகளின் புதுச் சட்டையெல்லாம் முதுகில் வெள்ளையாக இருக்கும். அதையும் சேர்த்துத்தான் பெருநாள்.

2009இல் நான் கொஞ்சம் காசு பார்த்தேன். பழைய சாந்து உதிர்ந்த இடங்களில் சீமெந்து பூசி, மேலே இளமஞ்சள் எமல்ஷன் அடித்தேன். ஊரில் எல்லாரும் செய்தது அதுதான். இரண்டு மழைக்காலம் போவதற்குள் சுவர் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் உள்ளிருந்து தண்ணீர் கசியும். காரணம் பிறகுதான் விளங்கிற்று. கபொக் கல்லும் சுண்ணாம்பும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தவை. நான் அவற்றின்மேல் பிளாஸ்டிக் தோல் ஒன்றைப் போர்த்தியிருந்தேன். வெளியேற வழியில்லாத ஈரம் பெயின்டை உரித்துக்கொண்டு வந்தது.

2016 டிசம்பரில் இரண்டாவது மகளின் கலியாணம் நிச்சயமானது. ஜனவரிக் கடைசியில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் மாவனல்லையில் வசதியானவர்கள். வீட்டின் முகத்தையாவது மாற்ற வேண்டுமென்று என் மனைவி சொன்னதில் பிழை காண முடியாது. கடையில் நிற அட்டையை விரித்து, விலை கூடிய பெயின்டாகவே தெரிவு செய்தோம். வேலைக்கு வந்தவர் மேட்டு லயத்து அண்ணன். தோட்ட வேலையை விட்டுப் பெயின்ட் வேலைக்குப் போனவர். அவருடைய அப்பா எங்கள் கடைக் கொப்பியில் இருந்தவர்.

இரண்டு நாள் சுரண்டினார். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். சுரண்டிய இடத்தில், 2009இன் சீமெந்துக்குக் கீழே, ஜன்னல் மூலையிலிருந்து அத்திவாரம்வரை ஒரு வெடிப்பு சாய்வாக இறங்கியிருந்தது. பெருவிரல் நகம் போகிற அகலம்.

"பட்டி வச்சு மூடிரலாந்தானே?" என்றேன்.

"மூடலாம் நானா. ஒரு மணித்தியால வேல. ஆனா மூடாதீங்க."

அவர் பிறந்த லயத்தைப் பற்றி அன்றுதான் விவரமாகச் சொன்னார். பெரிய தொரை யாரும் பார்வையிட வருகிறார் என்றால் முன்சுவருக்கு வெள்ளை அடிப்பார்களாம். பின்சுவருக்கு இல்லை. வெடித்த இடங்களில் சுண்ணாம்பை அப்பி நிரவிவிடுவார்களாம். தோட்டம் 1975இல் அரசிடம் போய், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தது. அந்த முன்சுவர் வழக்கம் மட்டும் கைமாறவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் அந்த லயம் தெரியும். ஒரு காம்பரா நீலம், அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது ஒன்றுமில்லாத சாம்பல். அவரவர் காசுக்கு அவரவர் பத்தடி. நடுச்சுவர் வருகிற இடத்தில் அடித்து வைத்த மாதிரி நிறம் நின்றுவிடும். நான் அதை அழகென்று பார்த்துக்கொண்டிருந்தவன்.

"எங்க செவரு எங்க பேர்ல இல்ல நானா. விழுந்தா மட்டும் எங்க மேலதான் விழும்."

அந்த வருடம் மே 17ஆம் திகதி அரநாயக்காவில் சாமசர மலை சரிந்ததை நாடே அறியும். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து வீடுகளை மூடியதை அரநாயக்கா அளவுக்கு யாரும் பேசவில்லை. 2003இல் இரத்தினபுரியைப் புரட்டிப்போட்ட மழையும் மே 17இல்தான். அண்ணன் மறுநாள் களுபஹனவுக்கு மண் அள்ளப் போனவர். "போய்ப் பாத்தேன்" என்றார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் பெரிய வாக்குவாதம். "கலியாண வீட்டுக்கு வெடிச்ச செவரா?" என்றாள் மனைவி. எமல்ஷன் வேண்டாம், பழையபடி சுண்ணாம்புதான் இந்தச் சுவருக்குச் சரி என்று அண்ணன் சொன்னது அவளை இன்னும் நோகடித்தது. "லயத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பையா?" அவர் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதே கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளே குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் மட்டும் என்ன? அந்த வார்த்தை என் வாயில் வராமல் மனதில் இருந்தது, அவ்வளவுதான்.

கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து பார்த்தது. சுவரைவிட மலையைத்தான் கூடுதலாகப் பார்த்தது. மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்று கலங்கி வருகிறதா, நிலத்தில் புதிய வெடிப்பு உண்டா என்று கேட்டது. சாய்ந்த மரமோ கலங்கிய ஊற்றோ இல்லை. கூரைத் தண்ணீர் அத்தனையும் அத்திவாரத்தின் அடியிலேயே விழுந்து மண்ணை இளக்குகிறது, மேலே மலையோரம் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள், பீலி போடுங்கள், வெடிப்பைக் குறித்து வைத்துக் கவனியுங்கள் என்றது. பெயின்டுக்கு ஒதுக்கிய காசில் பாதி கானுக்கும் பீலிக்கும் போனது. மீதியில் சுண்ணாம்பு வந்தது. உப்பும் நீலமும் கலக்கிற அளவு எனக்கு மறந்துபோயிருந்தது. அண்ணனுக்கு நினைவிருந்தது. வெடிப்பை விட்டுவிட்டுச் சுற்றி அடித்தார். முடிகிற அன்று காதிலிருந்த பென்சிலை எடுத்து முதல் கோட்டை இழுத்து, 2017.01.14 என்று எழுதினார். மிஞ்சிய சுண்ணாம்பை எடுத்துப்போகலாமா என்று கேட்டார். லயத்தின் பின்சுவருக்கு.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பா இஸ்தோப்பில் நின்று அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். எனக்கு வியர்த்தது. விசயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிரியாணிக்குப் போனார். ஆறு மாதத்தின் பின் தொலைபேசியில் எடுத்து, தன் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மேடு இருப்பதாகவும் அந்த நிறுவனத்தின் இலக்கம் வேண்டுமென்றும் கேட்டார்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவு மின்சாரம் இல்லை. மழை இரைச்சலில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. மனைவி டோர்ச் பிடிக்க நான் சுவரின் முன் குந்தியிருந்தேன். கான் நிரம்பி ஓடுகிற சத்தம் பின்னாலிருந்து வந்தது. பழைய கோடுகளின் இரு பாதிகளும் நேருக்கு நேராகவே இருந்தன. புதிதாக ஒன்று இழுத்துத் திகதி போட்டேன். அவள் டோர்ச்சைத் திருப்பி மேட்டு லயத்தின் பக்கம் அடித்தாள். மழையில் ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணனுக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்களே" என்றாள்.

மூன்றாவது தடவை எடுத்தபோது மணி போனது. எல்லாரும் பிள்ளைகளோடு பாடசாலைக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னார். பிறகு, "கோடு எப்படி நானா?" என்று கேட்டார்.