பின்வாசல் வழியே வந்த தண்ணீர்

திருநெல்வேலியில் ரயிலேறி, திருச்செந்தூர் போய் இறங்குவதற்குள் 2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த ஊர்கள் வரிசையாக ஜன்னலில் வந்துவிடுகின்றன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நின்றதும் பக்கத்து இருக்கைப் பெரியவர், "அந்த ரயில் நின்னது இங்கதான்" என்று கை காட்டினார். டிசம்பர் 17 இரவு சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு இங்கே மாட்டிக்கொண்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழைகூட அந்த 95 சென்டிமீட்டர் அளவுக்கு வராது.

நான் போனது ஆலந்தலைக்கு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊர். திருஇருதய ஆண்டவர் திருத்தலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். தினமும் தண்ணீரோடு வாழ்கிறவர்கள் வெள்ளத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டியவர். "கடலைப் பத்திக் கேளுங்க தம்பி, சொல்லுதேன். கொண்டல் எப்ப திரும்பும், வாடை எப்ப விழும், நீவாடு, அதான் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் எங்களுக்குத் தெரியும். மழைத்தண்ணிய அன்னைக்குத்தான் பாத்தோம்" என்றார்.

கடலுக்கு இவர்கள் தயாராகும் முறை பழகிப்போன ஒன்று. எச்சரிக்கை வந்தால் கோயில் மைக்கில் அறிவிப்பு வரும். எஞ்சினைக் கழற்றித் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஊரே கைகொடுத்து வள்ளங்களை மேட்டுக்கு இழுக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரிக் கடலோரத்தைக் குலைத்துப் போட்ட பிறகு, எச்சரிக்கையைத் தட்டிவிட்டுக் கடலுக்குப் போகும் துணிச்சல் இங்கே குறைந்துவிட்டது. கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு கேட்டு நெடுநாள் போராடியதும் இந்தக் கரைதான். கல் ஒரு பக்கம் மணலைப் பிடித்து நிறுத்தும், மறுபக்கம் கடல் தின்னும். அடுத்த ஊர்க் கரைக்கு என்ன ஆகும் என்ற கவலையும் இவர்கள் பேச்சில் இருக்கிறது.

இத்தனையும் முன்வாசலுக்கான காவல். அன்று தண்ணீர் பின்வாசல் வழியே வந்தது.

"எதுத்தாப்புல கடல் சும்மா கெடக்கு. பின்னால அடுப்படிக்குள்ள தண்ணி நிக்குது" என்றார் அவர் மனைவி. கடல்நீர் ஏறினால் ஏறிய வேகத்தில் இறங்கிவிடும். இது இறங்காமல் கிடந்ததுதான் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறுக்க மூடிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், மகனின் மீனவர் அடையாள அட்டை, பத்து நாளுக்குச் சர்க்கரை மாத்திரை. ஓரத்தில் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஒரு தீப்பெட்டி. "அன்னைக்கு நமுத்துப்போன தீப்பெட்டியால ஒரு டீ போட முடியல" என்றார். அந்த டப்பா வெள்ளத்துக்குப் பிறகு வந்தது.

வெள்ளம் வந்த அந்த டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்தன. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கிய செய்தி வந்ததும் கடலோர ஊர்களிலிருந்து படகுகள் லாரியில் ஏறின. மைத்துனர் வள்ளத்தோடு அந்த மீனவரும் போயிருக்கிறார்.

"வாழைத்தோட்டத்து மேல வள்ளம் ஓட்டினேன் தம்பி. எல எஞ்சின் விசிறியில சுத்திக்கிடும். அதத் தூக்கி வச்சுட்டுக் கம்பு ஊனித்தான் போனோம். கைக்கெட்டுற தூரத்துல கரண்டுக் கம்பி. எங்க கிணறு, எங்க சுவருன்னு ஒண்ணும் தெரியல."

கடலில் கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறவர். வயலில் நின்ற தண்ணீர் அவரையே திணறடித்திருக்கிறது. கடைசியில் அந்த ஊர் விவசாயப் பையன் ஒருவனை வள்ளத்தின் முன்னால் உட்காரவைத்து, அவன் கை காட்டிய தெருவழியே போனார்களாம். "அவன் மட்டும் இல்லேன்னா ஆளுங்களக் கரை சேத்திருக்க முடியாது."

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. படகு ஓட்டத் தெரிந்தவரையும் தெருவைத் தெரிந்தவரையும் மழைக்கு முன்பே சேர்த்துவைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. ஊர் மூழ்கிய பிறகு மீனவரைக் கூப்பிடுகிறோம். பேரிடர் திட்டம் எழுதும்போதும் அவரைக் கூப்பிட வேண்டும், பக்கத்தில் அந்த விவசாயியையும் உட்கார வைக்க வேண்டும்.

கிளம்பும்போது, "இப்ப ஐப்பசி பொறந்தாப் பயம் இல்லையா ஐயா?" என்று கேட்டேன். அவர் செல்போனை எடுத்து யாரையோ அழைத்தார். அந்தப் பையன்தானாம்.

"என்னல, குளத்துல எம்புட்டுக் கெடக்கு?"

"முக்காக் குளம் மாமா. மேக்க இன்னும் மழை இருக்கு."

போனை வைத்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்தபடி நின்றார்.