ஐந்து குதிரையும் ஒரு ஜன்னலும்

உங்கள் வீட்டில் பெட்ரோல் கார் இருக்கிறதா? "இருக்கிறது" என்று சொல்லும் சகோதரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. நகைக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறாரே பிளாட்டினம், அதுவோ அதன் பங்காளிகளான பலேடியம், ரோடியம் என்னும் உலோகங்களோ உங்களிடமும் இருக்கின்றன! பீரோவைத் திறந்து தேட வேண்டாம். காரின் அடியில், இஞ்சினிலிருந்து புகை போகும் குழாயின் நடுவே, ஒரு சிறிய டப்பாவுக்குள் அவை இருக்கின்றன. அந்த டப்பாவின் பெயர் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

இருப்பது என்னவோ சில கிராம்தான். அதற்காக அலட்சியம் செய்துவிடாதீர்கள். 2021-ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல் போயிற்று. அமெரிக்காவில் நடுநிசியில் காருக்கடியில் புகுந்து, காரை விட்டுவிட்டு, இந்த டப்பாவை மட்டும் அறுத்துக்கொண்டு ஓடும் திருடர்கள் பெருகினார்கள்.

திருடன் அறுத்தால் போலீசில் சொல்லலாம். காரின் சொந்தக்காரரே பணம் கொடுத்து அறுக்கச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த விநோதத்தைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச வந்தேன்.

என் சித்தியின் மகன் ஒருவன் இருக்கிறான். நல்ல பையன், நல்ல உத்தியோகம். சென்ற வருஷம் இரண்டாம் கையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். இரண்டே பேர் உட்காரலாம். சித்தி அதில் ஏறி உட்கார்ந்தபோது தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். அவள் எழுந்து வெளியே வருவதற்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது! காரின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. பையன் அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டினான்.

ஒரு நாள் வந்து, "அக்கா! வண்டியிலே அந்தக் கன்வெர்ட்டரை எடுத்துடப் போறேன். அதுதான் இஞ்சினை மூச்சு விடாமல் அமுக்குது. எடுத்துட்டா வண்டி பறக்கும்!" என்றான்.

பத்திரிகைக்காரிக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யாராவது ஒரு பொருள் வேண்டாம் என்றால், பின் அதை ஏன் வைத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. அவனிடம் கேட்டேன், பதில் வரவில்லை. ஆகையால் நானே தேடிப் படித்தேன்.

கார் இஞ்சின் பெட்ரோல் முழுவதையும் ஒழுங்காக எரிப்பதில்லை. அவசரத்தில் சமைக்கிறவர்களைப்போல் கொஞ்சம் அரைவேக்காடாக விட்டுவிடுகிறது. அதன் புகையில் மூன்று வகை விஷங்கள் இருக்கின்றன. முதலாவது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமது ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிப்பாக உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். கர்ப்பிணிகள் சுவாசித்தால் வயிற்றுக் குழந்தையின் ரத்தத்துக்கும் போய்ச் சேரும். இரண்டாவது, எரியாத பெட்ரோலின் ஆவி. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இதில் உண்டு. மூன்றாவது, நைட்ரஜன் ஆக்சைடுகள். இவையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் கூடினால் ஓசோன் பிறக்கும். வானத்தின் உச்சியில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை பிடிக்கிறது. தெருவில் இருக்கும் ஓசோனோ நுரையீரலை அரிக்கிறது.

டப்பாவுக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 துளைகள்! அவற்றின் சுவர்களில்தான் அந்த விலையுயர்ந்த உலோகங்களைப் பூசியிருக்கிறார்கள். புகை அதன் வழியே போகும்போது விஷங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கரியமில வாயுவாகவும், நீராவியாகவும், சாதாரண நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. ஆனால் டப்பா நன்றாகச் சூடேற வேண்டும். அதுவரை அதற்கு வேலை ஓடாது. காலைக் காப்பி குடிக்காத மனிதர்களைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சு இஞ்சினீயர். அமெரிக்காவில் குடியேறியவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை மூடிய புகைமூட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் அவர் மனத்தை உறுத்தின. 1956-இல் தம்முடைய கன்வெர்ட்டருக்குப் பேட்டண்ட் பெற்றார். ஆனால் அந்நாளைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் பிளாட்டினம் செயலற்றுவிடும். 1962-இல் ஹூட்ரி காலமானார். அமெரிக்கக் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக ஏறியதோ 1975-ஆம் வருஷத்து மாடல்களில்தான். நம் தேசத்தில் 1995 ஏப்ரல் முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2000-இல் பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது நாடெங்கும் நின்றது.

இத்தனையையும் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். மறு வாரமே பட்டறைக்குப் போய் டப்பாவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்துக்கொண்டு வந்தான்! அக்காவின் உபதேசத்துக்கு எந்த வீட்டில் மரியாதை இருக்கிறது?

பலன் என்ன என்கிறீர்களா? நியாயமாகவே சொல்கிறேன். வண்டி வேகம் கொஞ்சம் கூடியது. இருநூறு குதிரை சக்தி உள்ள வண்டியில் இந்த டப்பாவை மட்டும் எடுத்தால் ஐந்து குதிரையோ பத்துக் குதிரையோ கூடலாம். அதற்கு மேல் கூடியது என்று யாராவது மார் தட்டினால், பெரும்பாலும் காரின் கம்ப்யூட்டரையும் திருத்தியிருப்பார்கள். சத்தம் மாத்திரம் தாராளமாகக் கூடியது. தெருக்கோடியில் வரும்போதே சித்தி தோசைக் கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள்! இஞ்சின் கெட்டுவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். பொதுவாக அப்படிக் கெடுவதில்லை.

ஆனால் வேறு தொல்லைகள் வந்தன. டப்பாவுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பிராணவாயு உணரிகள் காவல் இருக்கின்றன. பின்னால் இருக்கும் காவல்காரன் "இங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை" என்று புகார் செய்ய, வண்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கினால் சட்டையில் பெட்ரோல் நாற்றம். புகைச் சோதனைக்குப் போனால் தேறாது. சட்டமும் சும்மா இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றி அமைக்கும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். புகைக் குற்றத்துக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

இவ்வளவும் அவனை அசைக்கவில்லை. அவனை அசைத்தது வேறு.

அவன் குடியிருக்கும் அடுக்கு வீட்டில் கார்கள் தரைமட்டத்தில், தூண்களுக்கு நடுவே நிற்கின்றன. அவன் கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில் ஒரு குடும்பம். அங்கே இழுப்பு உள்ள ஒரு சிறு பெண் இருக்கிறாள். ஒரு நாள் மாடிப்படியில் அந்தக் குழந்தையின் தாயார் இவனை நிறுத்தினாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று பையன் பதில்களைத் தயார் செய்துகொண்டான். அவளோ, "தம்பி, காலையிலே வண்டியைக் கிளப்பறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒரு குரல் கொடுக்கறீங்களா? ஜன்னலைச் சாத்திடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அக்கா. ஜன்னலைச் சாத்திக்கறேன்னு சொல்றவங்ககிட்டே என்ன சொல்றது?" என்றான்.

நல்ல வேளையாக அவன் டப்பாவை விற்றுவிடவில்லை. சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தான். அந்த வாரமே அது பழைய இடத்துக்குப் போயிற்று. கழற்றக் கூலி, மாட்டக் கூலி, புது வளையங்களுக்குக் காசு எல்லாம் தண்டம். மஞ்சள் விளக்கு அணைந்தது. டப்பா சூடேறும் வரையில் புகை அழுக்காகத்தான் வரும் என்று தெரிந்துகொண்டதால், இப்போது அவன் வண்டியைக் கிளப்பிவிட்டு அங்கேயே உறும விடுவதில்லை. கிளப்பியவுடன் மெதுவாக வெளியே ஓட்டிப் போய்விடுகிறான்.

நாம் வீட்டைப் பெருக்கினால் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுவோமா? அங்கே அவர்கள் கோலம் போட்டிருப்பார்கள் அல்லவா? இந்தப் பெரிய பட்டணத்திலே குரல் கொடுத்தால்கூடச் சாத்திக்கொள்ள ஜன்னல் இல்லாதவர்கள் எத்தனை பேர்! சிக்னலில் பூ விற்கிறவள், வெயிலில் நிற்கும் போலீஸ்காரர், ஸ்கூட்டரில் அப்பா முதுகைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் குழந்தை. இவர்களுக்காகத்தான் அந்த டப்பா உழைக்கிறது. கார்க்காரருக்கு அதனால் நேரில் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. எடுத்துவிடலாம் என்ற ஆசை எளிதில் வருவதும் அதனால்தான்.

வண்டி பழசாகி, டப்பா அடைத்துக்கொண்டு இழுவை குறைந்தால், அது நிஜமான கோளாறு. அதற்கு மருந்து புதிய டப்பா போடுவது. வெறும் குழாய் போடுவது அல்ல. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையோ, தம்பியோ, ஏன், கணவரோகூட, "இதை எடுத்தால் ஐந்து குதிரை கிடைக்கும்" என்று குதூகலமாக வந்து சொல்லக்கூடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஐந்து குதிரைக்கும் கொள்ளு போடப் போவது யார் என்று மட்டும் கேளுங்கள்.