இரண்டாவது கேள்வி

“மகன் இருக்காரா?”

பல்லாவரத்தில் எங்கள் திருச்சபையின் விதவையர் உதவித் திட்டத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில், ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். பல வீடுகளில் அதுவே கடைசிக் கேள்வியும்கூட. “இருக்கான்” என்று பதில் வந்தால், நோட்டில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவேன். அப்படிக் கோடு இழுத்த பெயர்களில் ஒன்று இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2014-ல் வெளிநாட்டுச் சபை ஒன்று எங்கள் சேகரத்துக்கு உதவ முன்வந்தது. வறுமையில் இருக்கும் 20 முதிய விதவைகளுக்கு மாதம் 10 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், மருந்துக்கென்று கொஞ்சம் பணம். கூடவே ஒரு படிவமும் வந்தது. வயது 60-க்கு மேல் இருக்க வேண்டும். தாங்குவதற்கு மகன் இருக்கக்கூடாது. ஆலயத்துக்கு ஒழுங்காக வருகிறவராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு வேதத்திலும் ஆதாரம் உண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், பட்டியலில் சேர்க்கத்தக்க விதவைக்கு 60 வயது என்ற வரையறை இருக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தால் முதலில் அவர்களே தாங்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஒரு சான்று குறைந்தாலும் கணக்கைத் திறக்காத கை என் கை. வேதமும் படிவமும் ஒரே பக்கம் நின்றபோது எனக்குத் துளி சந்தேகமும் எழவில்லை.

எங்கள் சபையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் நாசரேத், பாளையங்கோட்டை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயில்வே, பள்ளிக்கூடம், தொலைபேசி என்று வேலை கிடைத்து வந்து, இங்கேயே மனை வாங்கி வீடு கட்டியவர்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஜி.எஸ்.டி. சாலைக்கு மேற்கே நாகல்கேணியில் இருக்கிறவர்களின் கதை வேறு. 1912-ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. அதையடுத்துப் பெருகிய தோல் கம்பெனிகளை நம்பி வந்தவர்கள் அவர்கள். தோலில் ஒட்டிய உப்பைத் தட்டியும், சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கியும் கை வெந்தவர்கள். அந்தக் கம்பெனிகளின் கழிவு இறங்கி நிலத்தடி நீர் கெட்டுப்போனபோது, குடிநீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்களிலும் சில குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. ஆராதனையில் கடைசி மூன்று வரிசையில் உட்கார்வார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. முன்னால் வந்து உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

பட்டியல் எடுக்க நாகல்கேணிக்குப் போன அன்று, தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தார் அந்த அம்மா. எழுபதைத் தொட்ட வயது. ஞாயிறுதோறும் பார்க்கிற முகம்தான், பெயர் மட்டும் தெரியாது. பெயரைக் கேட்டு எழுதினேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன்.

“இருக்கான் ஐயா. என்கூடத்தான் இருக்கான்” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. கோடு இழுத்தேன். குடம் நிரம்புவதற்குள் நான் அடுத்த தெருவில் இருந்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு புகார் வந்தது. பட்டியலில் இருக்கும் நாகல்கேணி விதவை ஒருவர், நாம் கொடுக்கிற அரிசியை வெளியில் கொடுத்துவிடுகிறார், விற்கிறாரோ என்னவோ என்று. வெளிநாட்டுக்குக் கணக்கு அனுப்புகிறவன் நான். சும்மா இருக்க முடியுமா? விசாரிக்கப் புறப்பட்டேன்.

அவர் மறைக்கவில்லை. “ஆமா, மாசாமாசம் நாலு கிலோ குடுத்துடறேன். வாங்க, காட்டறேன்” என்று ஆறு வீடு தள்ளி அழைத்துப் போனார். தகரக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரே அறை. கயிற்றுக் கட்டிலில் நாற்பது வயதிருக்கும் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ரேடியோ. அவருடைய அம்மா விடியற்காலையில் மகனைத் துடைத்துத் துணி மாற்றிவிட்டு, குரோம்பேட்டையில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தார். அந்த அம்மா யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் எங்கள் சபையின் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னை அழைத்து வந்தவர் மெதுவாகத்தான் சொன்னார்: “அந்தக்கா உங்ககிட்ட பொய் சொல்லல. இருக்கானான்னு கேட்டீங்க, இருக்கான்னு சொன்னாங்க. எழுந்து உக்காருவானான்னு நீங்க கேக்கல.”

நான் கேட்கவில்லை. இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்க எனக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்காததால், ஒரு தாய் இரண்டு ஆண்டுகள் இன்னொரு ஏழையின் பங்கிலிருந்து சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுத்தவரை நான் திருடியாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் என் அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். அவரும் விதவைதான். அப்பாவின் ரயில்வே பணிக்காகக் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். வருடந்தோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க நானே அழைத்துப் போவேன். பிற்பாடு, 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்று வந்தபோது நெரிசல் இல்லாமல் முடிந்ததே என்று மகிழ்ந்தவன். என் அம்மாவுக்கு இரண்டு மகன்கள். இருவரும் நல்ல வேலையில் இருந்தவர்கள். “மகன் இருக்காரா?” என்று எந்தக் கவுண்டரிலும் அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். கணவருக்கு மாதச் சம்பளம் இருந்த விதவைக்கு ஓய்வூதியம் உரிமை. தினக்கூலிக்காரரின் விதவை மட்டும் தனக்கு ஆதரவு இல்லை என்பதை வாசலில் நின்று நிரூபிக்க வேண்டும். நாகல்கேணி அம்மா முதியோர் ஓய்வூதியத்துக்குக் கொடுத்த மனுவும் மகன் இருக்கிறார் என்ற காரணத்தால் திரும்பியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அதிகாரியைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதே காரணத்தைத்தானே எழுதியிருந்தேன்.

வேதத்தை எடுத்தேன். சிறுவயது முதல் மனப்பாடமாகத் தெரிந்த பகுதிகளில் ஒரு சொல் அன்றுதான் கண்ணில் பட்டது. மெய்யான பக்தி எது என்று யாக்கோபு சொல்லுமிடத்தில், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் ‘விசாரித்தல்’. அதே சொல் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்திலும் விதவைகளையொட்டியே வருகிறது. நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். காவல் நிலையத்தில் நடப்பதும் விசாரணை. ஊரிலிருந்து வந்தவரை உட்காரவைத்து நலம் கேட்பதும் விசாரிப்பு. மொழிபெயர்த்த முன்னோர்கள் இரண்டாவதை நினைத்து எழுதினார்கள். நான் முதலாவதைச் செய்துகொண்டிருந்தேன்.

பட்டியலே தவறென்று நான் சொல்லவில்லை. கி.பி. 251 வாக்கில் ரோமாபுரிச் சபையின் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில், 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் சபை தாங்குகிற கணக்கு இருக்கிறது. எண்ணி எழுதாமல் அத்தனை பேருக்குச் சோறு போட முடியாது. கேள்வி, நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான். எருசலேம் சபையிலும் இதே கோளாறு வந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்திலேயே பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1887-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பண்டித ரமாபாயின் பணிக்கென்றே ஒரு சங்கம் அமைந்து, பத்தாண்டு உதவுவதாக வாக்களித்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1889-ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் திறந்தார் ரமாபாய். பணம் கடல் கடந்து வந்தது. ஆனால் கதவைத் திறந்து உள்ளே அழைத்தவர், 1882-லேயே கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற ஒரு விதவை. உள்ளே வருகிறவளிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்கு எந்தப் படிவமும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

கமிட்டியில் எழுந்து என் தவறைச் சொன்னேன். நாகல்கேணி, பம்மல், அனகாபுத்தூர் பக்கத்து விதவைகள் மூன்று பேரிடம் நோட்டைக் கொடுத்துவிடலாம் என்றேன். எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமா, சொந்தக்காரர்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எதிர்ப்பு வந்தது. மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில் எங்கள் ஆயர், அவர்கள் சொல்லட்டும், செயலாளர் எழுதட்டும் என்று முடித்துவைத்தார். முதல் பெயராக, அரிசியைப் பங்கிட்டுக் கொடுத்தவர்தான் பொறுப்புக்கு வந்தார்.

அவர்களோடு நடந்துதான் நான் விசாரிக்கக் கற்றுக்கொண்டேன். அவர்கள் வாசலில் நின்று கேட்பதில்லை; உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். மகன் இருக்கிறானா என்று கேட்பதே இல்லை. “காலைல என்ன சாப்ட்ட?” என்பார்கள். “நேத்து ராத்திரி?” என்பார்கள். பேசிக்கொண்டே அடுப்பைப் பார்ப்பார்கள், மாத்திரைப் பட்டையைப் பார்ப்பார்கள். மாத்திரை குறையாமல் இருந்தால், சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் போடவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லி நான் எழுதிய பெயர்களில் இரண்டு, எங்கள் ஆலயத்துக்குள் ஒருநாளும் வராதவர்களுடையவை. நான் தயங்கினேன். வேதத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையும் இஸ்ரவேலைச் சேர்ந்தவளில்லையே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். எழுதினேன்.

இரண்டாவது கேள்வி பல கதவுகளைத் திறந்தது. கட்டிலில் கிடந்த மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் பராமரிப்பு உதவித்தொகையும் கிடைக்க வழி இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அலைந்து வாங்கினோம். தாயின் மனுவையும் மகனின் மருத்துவச் சான்றோடு மறுபடி கொடுத்தோம், இம்முறை ஏற்றார்கள். அப்போது மாதம் 1,000 ரூபாய்; 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இதில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான், மிச்சம் மாநிலத்தினுடையது. அந்தப் பணத்தை எடுக்கப் போனால், தோல் கம்பெனியில் வெந்த விரலின் ரேகை கருவியில் பதியாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். வங்கிக்காரனாக இருந்ததற்கு என்னால் ஆன உபயோகம் அந்த வரிசையில் அவரோடு நின்றதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, எந்த வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கும் என்று அந்த மூவருக்கும் தெரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக்கூடாது என்றானது. எங்களுக்கென்று தனிப் பதிவு கிடையாது. பதிவுபெற்ற ஓர் அமைப்பு வழியாகத்தான் பணம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. நாங்கள் பிடியரிசிக்குத் திரும்பினோம். சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருகிற, எங்கள் பாட்டிமார் காலத்துப் பழக்கம். ஆளுக்கு 10 கிலோ இப்போது 6 கிலோவாகிவிட்டது. மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்குப் போய் உட்கார்வது மட்டும் குறையவில்லை.

2022-ல் என் அம்மா காலமானார். வந்தவர்கள் எல்லாரும் வயதைக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள், நல்ல சாவு என்றார்கள். மாலையில் நாகல்கேணி அம்மா வந்தார். மகனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்திருந்தார். அந்தச் சொல்லை நம் மொழி இந்த இடத்திலும் வைத்திருக்கிறது என்பது அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா கடைசியா என்ன சாப்ட்டாங்க?” என்று கேட்டார். இரண்டு வாய் கஞ்சி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்து, “நீ சாப்ட்டியா தம்பி?” என்றார். அதுவரை ஐயா என்றே என்னை அழைத்தவர்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த காப்பியை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.