நான்கு விரல் ஆட்டம்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையேறி, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். ஏலக்காய் பறிப்புக் காலத்தில், கதிரவன் எழுமுன்பே தூக்குச்சட்டியும் மழைக்கான பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் தெருமுனைகளில் காத்து நிற்பர். அவர்களை ஏற்றிச் செல்வன பெரும்பாலும் ஜீப்புகள். ஒரு வண்டியில் ஏறத்தக்கவர் எத்தனை பேர், ஏறுபவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

அத்தகைய ஜீப் ஒன்று, மழை விட்டிருந்த ஓர் அந்தியில், ஊர்ப்புறத்துப் பட்டறையின் முன் வந்து நின்றது. வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய மஹிந்திரா வண்டி அது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் அமெரிக்கப் படைக்காகப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிய அவ்வண்டி, இந்தியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் மும்பையில் பூட்டப்பட்டு நம் சாலைகளுக்கு வந்தது. போர்க்களச் சேற்றுக்கென்று வகுக்கப்பட்ட உடல் மலைத்தோட்டத்துச் சேற்றுக்கும் பொருந்தியது. அதனால்தான் அதன் காலம் முடிந்த பின்னும் அதைக் கைவிட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

“அண்ணே, ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுது. பாக்ஸை மட்டும் ஓர் இறுக்கு இறுக்கி விட்டீங்கன்னாப் போதும். விடிஞ்சா ஆள் ஏத்தணும்” என்றார் ஓட்டுநர்.

பட்டறைக்காரர் விடை கூறவில்லை. வண்டிக்குள் கையை நீட்டி, திசைமாற்றும் வளையத்தை ஒற்றை விரலால் மெல்லத் திருப்பினார். முன்சக்கரங்கள் அசையவில்லை. மேலும் திருப்பினார். சக்கரம் அசையத் தொடங்கிய இடத்தில் நிறுத்தி, வளையம் வெறுமனே சுழன்ற தூரத்தைத் தம் விரல்களை வைத்து அளந்தார். நான்கு விரற்கடை இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“போன பறிப்புலயே கொஞ்சம் இருந்துச்சுண்ணே. கைக்குப் பழகிப்போச்சு.”

தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. அது மயிரிழை மயிரிழையாக வளர்கிறது. அதே அளவில் ஓட்டுபவரின் கையும் தன்னை மாற்றிக்கொள்கிறது. வளைவு வருமுன்பே சிறிது முன்கூட்டித் திருப்புதல், நேர்ச்சாலையிலும் இடமும் வலமுமாக ஓயாது அசைத்துக்கொண்டிருத்தல் என வண்டியின் குறையைக் கை தானே ஈடுசெய்துவிடும். புதிதாக ஒருவர் ஓட்டினால் பத்தடியில் அஞ்சி இறங்கிவிடுவார். அன்றாடம் ஓட்டுபவருக்கோ அது வண்டியின் குணமாகிவிடுகிறது.

பழைய ஜீப்பின் திசைமாற்றும் அமைப்பு ஒரு சங்கிலி போன்றது. வளையத்தின் தண்டு ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து வெளிவரும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடி, டிராக் லிங்க் என்னும் நீள்கம்பியைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. அக்கம்பி, இரு சக்கரங்களுக்கும் நடுவே நிலைக்குத்தான தண்டில் சுழலும் பெல் கிராங்கை அசைக்கிறது. முன்பின்னான தள்ளலைப் பக்கவாட்டு அசைவாக மாற்றுவது இதுவே. பெல் கிராங்கிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகச் செல்லும் டை ராடுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. சக்கரங்களோ கிங்பின் பேரிங்குகளின்மேல் திரும்புகின்றன. கம்பிமுனைகள், குமிழ்கள், பேரிங்குகள் என எண்ணினால், தேய்வதற்குரிய இடங்கள் ஏறத்தாழ ஒரு டஜன். ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவு இடைவெளி விழுந்தால் போதும். எல்லாம் கூடி ஓட்டுநரின் கையில் நான்கு விரலாக வந்து சேரும்.

ஸ்டியரிங் பாக்ஸின் பக்கத்து மூடியில் ஒரு திருகு உண்டு. அதை அரைச்சுற்று முறுக்கினால் ஆட்டம் உடனே குறைந்ததுபோல் தோன்றும். ஓட்டுநர் கேட்டதும் அதையே. அவசரத்தில் இருப்பவரை விரைந்து அனுப்பிவைக்க விரும்பும் பட்டறைகள் செய்வதும் அதையே. பாக்ஸின் உள்ளே, திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளத்தில் கூம்பு வடிவ முளைகள் ஊர்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அப்பள்ளத்தின் நடுப்பகுதியே மிகுதியாகத் தேய்கிறது. தேய்ந்த நடுவுக்கு ஏற்ப முளைகளை அழுத்திவிட்டால், தேயாத ஓரப்பகுதிகளில் அவை இறுகிப் பிடிக்கும். நேர்ச்சாலையில் திருத்தமாக ஓடும் வண்டி, கொண்டை ஊசி வளைவில் முழுதும் திரும்ப வேண்டிய நேரத்தில் முரண்டு பிடிக்கும். திருப்பிய சக்கரம் நேர்நிலைக்கு மீளவும் தயங்கும். தேய்ந்த உறுப்புகளோ தேய்ந்தபடியே இருக்கும்.

பட்டறைக்காரர் அத்திருகைத் தொடவில்லை. உதவியாளான இளைஞனை இருக்கையில் அமர்த்தி, “தம்பி, கொஞ்சங்கொஞ்சமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசை. நிறுத்தாதே” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் விரலை வைத்துக் காத்திருந்தார். இணைப்பு நன்றாயிருந்தால் இரு உறுப்புகளும் ஒரே கணத்தில் நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று நகர்ந்த பிறகே மற்றொன்று நகரும். அந்தச் சிறு தாமதத்தைக் கண் தவறவிடலாம், விரல் தவறவிடாது. பின்னர் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சிறிது ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றது. பிரேக் பிடித்ததும் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். இந்த வண்டியில் கிங்பின் நன்றாகவே இருந்தது.

டை ராடு முனைகளில் இரண்டு தளர்ந்திருந்தன. டிராக் லிங்கின் குமிழ்க்கிண்ணங்கள் தேய்ந்திருந்தன. பெரும்பங்கு ஆட்டம் பெல் கிராங்கில் இருந்தது. அதன் தண்டைச் சுற்றிய ஊசி பேரிங்குகளில் கிரீஸ் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை; செம்மண் குழம்பும் துருவுமே வெளிவந்தன. ஓடைகளில் இறங்கி ஏறும் வண்டிக்கு நீர் புகாமல் இராது. கிரீஸ் நிப்பிளின் வாயில் மண் இறுகி அடைத்துக் கிடந்தது. கிரீஸ் அடிக்கும்போதெல்லாம் அது வெளியே வழிந்ததே தவிர, உள்ளே இறங்கவே இல்லை. மேலே வழிந்திருந்த கிரீஸைக் கண்டு, உள்ளேயும் இருக்கிறது என எல்லாரும் நம்பியிருந்தனர். பெல் கிராங்கின் உருண்டைக் குமிழோ முட்டை வடிவம் கொண்டிருந்தது.

“வெல்டு வச்சு, லேத்துல கடைஞ்சு போட்டுக்கலாம்ணே. ராத்திரியே முடிஞ்சிரும்” என்றார் ஓட்டுநர்.

“இதுக்கு வெல்டு வைக்கிறது இல்ல” என்றார் பட்டறைக்காரர்.

அளவறிந்து வெப்பமேற்றிக் கடினமாக்கிய எஃகின்மேல் பட்டறை வெல்டு விழுந்தால், அதன் ஓரத்தில் எஃகு நொறுங்கும் தன்மையை அடையக்கூடும். தேய்ந்த உறுப்பு ஆடி ஆடி எச்சரிக்கும். வெல்டு வைத்த உறுப்பு முன்னறிவிப்பின்றி முறியலாம். பிரேக் போனாலும் கியரைக் குறைத்து மண்மேட்டில் மோதியேனும் நிறுத்தலாம். திசைமாற்றி அறுந்தால் ஓட்டுநர் கையில் வெறும் வளையம் மட்டுமே மிஞ்சும்.

பதினான்கு பேரின் மறுநாள் கூலி அந்த வண்டியில் இருந்தது. வண்டித் தவணையும் இருந்தது. ஓட்டுநர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு கைப்பேசியை எடுத்து வேறொரு ஜீப்காரரிடம் கெஞ்சினார். ஏழு பேரைத்தான் ஏற்றிக்கொள்ள இயலும் என்று விடை வந்தது. எஞ்சிய எழுவரின் வீடுகளுக்கு அவரே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்களுள் ஒருவர் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, மறுமொழி கூறாமல் சாத்திக்கொண்டாராம்.

உதிரி உறுப்புகள் மறுநாள் நண்பகலில் மதுரையிலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தன. பழைய டை ராடு முனைகளைக் கழற்றுமுன் அவற்றின் நீளத்தை அளந்து, சாக்குக்கட்டியால் சுவரில் குறித்துக்கொண்டார் பட்டறைக்காரர். புதியவற்றையும் அதே நீளத்தில் பூட்டினால்தான் சக்கரங்களின் நேர்மை பெரிதும் பிறழாது. டிராக் லிங்கின் அடைப்புத் திருகுகளை முழுதும் முறுக்கிப் பின் சிறிது தளர்த்தி, ஸ்பிளிட் பின்களைக் கோத்தார். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி கோக்க முயன்ற இளைஞனின் கையிலிருந்து அதை வாங்கி வெளியே எறிந்தார். நிப்பிள்களையும் மாற்றி, புதிய கிரீஸ் மறுபக்கத்தில் பிதுங்கும்வரை அடித்தார். சக்கர பேரிங்குகளையும் கழுவி, கிரீஸ் வைத்து, அளவாக இறுக்கினார். கடைசியாக, முன்சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் பின்விளிம்புகளைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராடுகளைத் திருத்தினார். ஒரு நேரான குச்சியும் சாக்குக்கட்டியுமே அதற்கு அவருடைய கருவிகள்.

மீண்டும் விரல் வைத்துப் பார்த்தபோது ஆட்டம் ஒரு விரற்கடைக்கும் குறைவாக இருந்தது. பழைய பாக்ஸுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்.

ஓட்டுநர் வண்டியை எடுத்தார். தெருவில் இருபதடி போவதற்குள் ஜீப் இடப்பக்கம் பாய்ந்தது. உடனே வலப்பக்கம் பாய்ந்தது. திகைத்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இல்லாத ஆட்டத்துக்கு ஈடாக அவர் கைகள் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தன.

“வண்டி சரியாத்தான் இருக்கு. இப்படியே போயிட்டு வா” என்றார் பட்டறைக்காரர்.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். விளக்கு வைக்கும் நேரம் வரை ஜீப் அந்தத் தெருவில் போவதும் வருவதுமாக இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறைதான் அது நேர்கோட்டில் வந்தது. அதன்பின்பே பட்டறைக்காரர் சாவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.